பிள்ளையாரின் இடது கண்

அந்தப் பிள்ளையாரின் இடது கண் எங்கே போனது?

இரண்டு வருடம் ஆகப்போகிறது. இன்னும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கண் என்றால் ஒரு குன்றிமணி. முட்டை வடிவத்தில், சிவப்பாக, ஒரு முனையில் மட்டும் மை தொட்டு வைத்ததுபோல் கறுப்பாக இருக்கும் விதை. சுண்டு விரல் நகத்தில் பாதி இருந்தால் அதிகம். அது களிமண்ணோடு வாய்க்காலில் போயிருக்கலாம். கூடம் பெருக்கியபோது குப்பையோடு போயிருக்கலாம். என் மகளின் வயிற்றுக்குள் போயிருக்கலாம். மூன்றில் எது என்று கேட்டால் எங்கள் வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தக் கோபம் இன்னும் ஆறாததால் இதை எழுதுகிறேன்.

நான் நாகப்பட்டினத்தில் வளர்ந்தவள். அங்கே பிள்ளையாரைக் கடைத்தெருவில் வாங்குவோம், கண்ணோடுதான் வருவார். அந்தக் கண் எந்தக் கொடியில் காய்க்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கல்யாணமாகி, திருவையாற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்கு வந்த பிறகுதான் கொடியைப் பார்த்தேன். எங்கள் கொல்லையில் கிளுவை வேலி. அதன்மேல் ஏறிக் கிடந்தது. யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. மழை பெய்தால் வேலியே தெரியாத அளவுக்குப் படர்ந்துவிடும். புளிய இலை மாதிரி பொடி இலை, வெளுத்த ஊதாவில் பூ, அப்புறம் கொத்துக் கொத்தாகக் காய். பனி முடிந்து வெயில் ஏறும்போது காய்கள் முறுக்கிக்கொண்டு வெடிக்கும். விதைகள் கீழே விழாது. தோலிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். வேலி முழுக்கச் சிவப்புக் கண்கள். அழகில்லை என்று சொல்ல மாட்டேன். முதல் வருடம் நானே போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

விதையில் விஷம் இருப்பது இந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அதைச் சொன்னதே என் மாமனார்தான். நான் வந்த புதிதில், வேலியோரம் நின்று காபி குடித்துக்கொண்டே சொன்னார்.

"அந்தக் காலத்துல பகையாளி மாட்டக் கொல்லணும்னா இதத்தாம்மா அரைப்பானுவ. முள்ளு மாதிரி உருட்டிக் காயவச்சு மாட்டுத் தோலுல குத்தி விட்டுருவானுவ. எம்மாம் பெரிய மாடும் படுத்துரும்."

ஒரு மாட்டையே படுக்கவைக்கும் விதை என்று வாய் நிறையச் சொன்ன அதே மாமா, பிறகு என்ன சொன்னார் என்று பின்னால் சொல்கிறேன்.

இந்த வீட்டில் பிள்ளையாரை விலைக்கு வாங்குவதில்லை. மாமா வாய்க்கால் கரையில் களிமண் எடுத்து வந்து கையாலேயே பிடிப்பார். மாமியார் இல்லை. அதனால் கண் வைக்கும் வேலை என் கணவரின் அக்காவுடையது. பக்கத்துத் தெருவில் இருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். மாசி மாதம் வெடித்த காய்களிலிருந்து விதையை உருவி, ஒரு காலி தைல டப்பாவில் போட்டு, எங்கள் சாமி மாடத்தில் வைத்துவிட்டுப் போவார். ஆவணியில் சதுர்த்தி வரும்போது டப்பா திறக்கும். பிள்ளையார் தொப்பையில் ஒரு காசு, முகத்தில் இரண்டு கண். மூன்றாம் நாள் வாய்க்காலில் கரைக்கும்போது காசை வீட்டுக் குழந்தை எடுத்துக்கொள்ளும். கண்ணை யாரும் எடுப்பதில்லை. மண்ணோடு அது போய்விடும்.

நான் சொல்லும் வருடத்துக்கு முந்தின வருடம், களிமண் காய்ந்து சுருங்கியதில் ஒரு கண் தானாகக் கழன்று விழுந்தது. அந்த ஐப்பசியில் மழையில் சம்பாப் பயிர் மூழ்கியது. இங்கே பயிர் மூழ்குவது புதிதா? ஆனாலும் அண்ணி இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார். "இந்த வருஷம் கண்ணு விழாது, நான் பாத்துக்குறேன்" என்று மாமாவிடம் சொன்னார். எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று நான் கேட்கவில்லை. பண்டிகை நாளில் நாத்தனாரிடம் போய்க் குறுக்கு விசாரணை செய்கிற மருமகள் இல்லை நான். அது நல்ல பழக்கமா கெட்ட பழக்கமா என்று இப்போது தெரியவில்லை.

அப்போது என் மகளுக்கு இரண்டரை வயது. எது கிடைத்தாலும் வாயில் வைக்கும் பருவம் தாண்டிவிட்டது என்று நான் நினைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலை. மாமா வாய்க்காலுக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தார். கடைசி நைவேத்தியத்துக்காக நான் அடுப்படியில் கொண்டைக்கடலைச் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். மகள் கூடத்தில், பிள்ளையார் இருந்த மணைக்குப் பக்கத்தில், பாயில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அண்ணியிடம்தான் விட்டுவந்தேன். அண்ணி வாசலில் நின்று பூக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தார். கடுகு வெடிக்கிற நேரம்தான். அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டு அக்கா உள்ளே வந்தார். அவர்தான் முதலில் பார்த்தார்.

"என்னங்க மாமா, உங்க பிள்ளையாரு என்னையப் பாத்து கண்ணடிக்கிறாரு?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. நான் கரண்டியோடு ஓடிவந்தேன். வலது கண் இருந்தது. இடது கண் இருந்த இடத்தில் ஒரு பள்ளம். என் மகள் எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

வாய்க்குள் விரலை விட்டேன். கொண்டைக்கடலைத் தோல் வந்தது. அவள் கையில் இன்னும் தாளிக்காத வெந்த கடலை கொஞ்சம் இருந்தது, அண்ணி கொடுத்திருக்கிறார். உதட்டில் சிவப்பு. குங்குமமா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

"கண்ணு எங்கடா செல்லம்?" என்று கேட்டேன். அவள் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள். நாங்கள் சொல்லிக்கொடுத்த விளையாட்டு அது. கண் எங்கே, மூக்கு எங்கே என்று கேட்டால் காட்டுவாள். "உன் கண்ணு இல்லடா, பிள்ளையாரு கண்ணு எங்க?" என்றேன். அவள் சட்டையைத் தூக்கித் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினாள்.

மறுபடியும் சிரிப்பு. "தொப்பையில காசு இருக்குல்ல, அதச் சொல்லுது புள்ள" என்றார் அண்ணி. இருக்கலாம். காசை அவள்தான் எடுக்கப்போகிறாள் என்று மூன்று நாளாக அவளுக்குச் சொல்லிவைத்திருந்தோம். ஆனால் அவள் எதைச் சொன்னாள் என்று இன்றுவரை யாருக்குத் தெரியும்?

நான் பாயை உதறினேன். மணைக்கு அடியில் தடவினேன். கையில் ஒரு துண்டு ஈர்க்குச்சி தட்டுப்பட்டது. துடைப்பத்திலிருந்து உதிர்ந்தது என்று நினைத்துத் தூரப் போட்டேன். விதை கிடைக்கவில்லை. "மாமா, கொஞ்சம் இருங்க. கண்ணு மண்ணுக்குள்ள அழுந்திருக்கான்னு பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

"ராகுகாலம் வரப்போவுதும்மா. கரைக்கிற பிள்ளையார நோண்டிப் பாப்பாங்களா யாராச்சும்?"

நான் பீரோவுக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது அவர் மணையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நிமிர்ந்து பார்த்தால் பிள்ளையார் இல்லை. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். வாய்க்காலில் தண்ணீர் முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. மாமா தண்ணீரில் இறங்கி நின்று, காசை மட்டும் பத்திரமாக உருவி மேல்துண்டில் முடிந்துகொண்டு, பிள்ளையாரை அமுக்கினார். தண்ணீர் ஒரு கணம் கலங்கலாகி, பிறகு தெளிந்துவிட்டது.

நான் மன்னிக்க முடியாமல் இருப்பது அந்த ஒரு நிமிடத்தைத்தான். ஒரு கைப்பிடி மண்ணைப் பிசைந்து பார்த்திருந்தால் விதை உள்ளே இருக்கிறதா இல்லையா என்று தெரிந்திருக்கும். இருந்திருந்தால் நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்திருப்பேன். காசைத் தேடி எடுக்கத் தெரிந்த கைக்குக் கண்ணைத் தேடத் தெரியவில்லை.

கரையிலேயே உட்கார்ந்து போனில் படித்தேன். விதையை முழுதாக விழுங்கினால் ஓடு கெட்டியாக இருப்பதால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும், மென்றாலோ ஓடு உடைந்திருந்தாலோதான் ஆபத்து, உடனே தெரியாமலும் இருக்கலாம், மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று இருந்தது. வீட்டுக்கு வந்து, எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொள்வதுபோல் உரக்கச் சொன்னேன்: "ஓடு உடையாம இருந்தா பயமில்லையாம்."

அண்ணி சுண்டலைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டே, தலையைக்கூடத் திருப்பாமல் சொன்னார்:

"முழுசா எங்க இருக்கு? நான்தான் ராத்திரி ஊறவச்சு, ஊசியக் காய்ச்சி ஓட்ட போட்டு, ஈர்க்குச்சி சொருகி வச்சேனே. கழலாம இருக்கட்டும்னு."

நான் தூரப் போட்ட ஈர்க்குச்சி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்த் தேடினேன். கூடத்தில் ஈர்க்குச்சித் துண்டுகள் கிடந்தன. எங்கள் வீட்டுத் துடைப்பம் அப்படித்தான் உதிரும். எது கண்ணிலிருந்து வந்தது, எது துடைப்பத்திலிருந்து வந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

"இப்ப என்னாயிடுச்சுன்னு இந்த ஆட்டம் ஆடுற? நாங்கல்லாம் அந்தக் கொடி இலையத் தின்னுதான் வளந்தோம். இனிப்பா இருக்கும்" என்றார் அண்ணி.

"இலைய இல்ல அண்ணி. விதைய."

"அதான் தின்னுச்சான்னே தெரியலையே!"

"அதத்தான் நானும் சொல்றேன் அண்ணி. தெரியல!"

ஒரே வார்த்தை. எனக்கு அது கிளம்ப வேண்டியதற்குக் காரணம். அவர்களுக்குச் சும்மா இருக்கக் காரணம். மாமா என்ன சொன்னார் தெரியுமா? "ஒரே ஒரு குந்துமணிதானேம்மா? ஒண்ணும் பண்ணாது." மாட்டைப் படுக்கவைக்கும் என்று சொன்னவர்.

என் கணவர் நடுவில் நின்றார். அவர் எப்போதும் நடுவில்தான் நிற்பார். ஆனால் வண்டிச் சாவியை எடுத்தார். அதற்காக அவருக்கு நன்றி. தஞ்சாவூருக்கு வண்டியில் போனோம். எங்கள் சாலையில் ஒரு ஆறு முடிந்தால் இன்னொரு ஆறு. ஒவ்வொரு பாலத்திலும் நான் குனிந்து மகளின் முகத்தைப் பார்த்தேன். ஒரு பாலத்தில் அவள் வாந்தி எடுத்தாள். பாலும் கடலையும். சிவப்பாக எதுவும் இல்லை. வண்டி ஆட்டத்தில் அவள் எப்போதும் வாந்தி எடுப்பாள் என்றார் கணவர். அதுவும் உண்மைதான். அன்றைக்கு நடந்த எல்லாவற்றுக்கும் ஒரு சாதாரணக் காரணம் தயாராக இருந்தது.

மருத்துவமனையில் அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சின்ன வயதுக்காரர்.

"குழந்தை முழுங்கினத நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல சார்."

"வேற யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்ல சார். ஆனா ஒரு கண்ணக் காணோம்."

"யார் கண்ண?"

"பிள்ளையார் கண்ண."

பக்கத்தில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டர் சிரிக்கவில்லை. அவர் முகம் சலித்துப்போயிருந்தது. "இந்த நெட்டப் படிச்சிட்டு வந்துர்றீங்கம்மா" என்று ஆரம்பித்தார். அண்ணி விதையில் ஊசியால் ஓட்டை போட்ட விஷயத்தைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார். "ஓட்டை போட்டதா? யாரு போட்டா?" என்றார். எழுந்துபோய் இன்னொரு பெரிய டாக்டரைக் கூட்டிவந்தார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. மகளைப் படுக்கவைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள், ரத்தம் எடுத்தார்கள், வைத்துப் பார்க்கவேண்டும் என்றார்கள். பெரிய டாக்டர் போகும்போது, "கூட்டிட்டு வந்தது நல்லதும்மா. பாக்காட்டியும் பரவால்ல, சந்தேகம்னா வரணும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை எழுதி வாங்கிக்கொண்டு வந்து வாசலில் ஒட்டியிருக்க வேண்டும்.

மருத்துவமனையில் இருந்தவரைக்கும், வீட்டுக்கு வந்த பிறகும், அவள் மலம் கழித்தபோதெல்லாம் தண்ணீர் ஊற்றிக் கிளறிப் பார்த்தேன். எம்.எஸ்ஸி. கணிதம் படித்தவள் நான். குழந்தை பிறக்கும்வரை பள்ளியில் நிகழ்தகவு நடத்தியவள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்றால் அவள் விழுங்கவில்லை என்று அர்த்தமா, நான் சரியாகத் தேடவில்லை என்று அர்த்தமா? மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தது. தோசை கேட்டாள், கார்ட்டூன் கேட்டாள், நர்ஸின் கையைக் கடித்தாள். அனுப்பிவிட்டார்கள்.

சரி, கதை முடிந்தது என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். என் கோபம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள். "நல்லாத்தானே இருக்கா?" நல்லா இருக்கிறாள் என்பதால் நான் செய்தது எல்லாம் வீண் ஆட்டம் என்று ஆகிவிட்டது. அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால்தான் நான் சொன்னது சரியென்று ஆகியிருக்கும். எந்தத் தாயாவது அப்படி ஒரு வெற்றியைக் கேட்பாளா? அண்ணி ஒரு கல்யாண வீட்டில், எல்லார் முன்னாலும், என்னைக் காட்டிச் சொன்னார்: "எங்க வீட்டு மருமக, பிள்ளையாருக்கே கண் ஆஸ்பத்திரி பாத்தவ." பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? சிரிக்காவிட்டால் கோபக்காரி என்று இன்னொரு பெயர் வரும்.

ஓட்டை போட்டதைப் பற்றி அண்ணி ஒரு வார்த்தை பேசியதில்லை. தவறு என்று சொல்ல வேண்டாம். "இனிமே போட மாட்டேன்" என்று ஒரு தடவை சொன்னால் போதும். நான் காத்திருந்து பார்த்துவிட்டேன்.

அந்த மாசியில் கொடியை வெட்டச் சொன்னேன். கணவர் அரிவாளால் அடியோடு வெட்டினார். வேலிக்கு அந்தப் பக்கத்து அக்கா சண்டைக்கு வந்தார். "இருமலுக்கு இந்த இலையத்தான் மெல்லுவேன். உம் பொண்ணு வாய நீ பாத்துக்கம்மா, ஊருக் கொடிய ஏன் வெட்டுற?" அவர் கேட்டதிலும் ஒரு நியாயம் இருக்கிறதோ என்று நான் இரண்டு நாள் குழம்பினேன். குழம்பியிருக்க வேண்டாம். ஆடியில் ஒரு மழைக்கு வேரிலிருந்து மறுபடி துளிர்த்து, இப்போது முன்பைவிடச் செழிப்பாக வேலியில் நிற்கிறது.

போன வருடச் சதுர்த்திக்கு நான் வயிற்றில் இரண்டாவது குழந்தையோடு நாகப்பட்டினத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். தப்பித்தேன். இந்த வருடம் தப்பிக்க வழியில்லை. பையன் தவழ ஆரம்பித்துவிட்டான். தரையில் கிடக்கும் எறும்பைக்கூட விடுவதில்லை. எடுத்து நேராக வாய்க்குத்தான் கொண்டுபோகிறான். மகளுக்கோ நாலு வயது தாண்டிவிட்டது. எந்தப் பெட்டியானாலும் திறந்து, தம்பிக்கு விளையாடக் கொடுப்பாள். தைல டப்பா அதே மாடத்தில் இருக்கிறது. அதை எடுத்து உயரத்தில், பூட்டு இருக்கும் அலமாரியில் வைத்தேன். மறுநாள் அது மாடத்துக்கே திரும்ப வந்துவிட்டது. சாமிப் பொருளை எச்சில் கை படுகிற அலமாரியில் வைக்கக் கூடாதாம்.

போன வாரம் துணிந்து மாமாவிடம் பேசினேன். "மாமா, இந்த வருஷம் கண்ணுக்கு மிளகு வைக்கலாமா? கறுப்பா, பாக்கவும் நல்லாருக்கும்."

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மிளகு வச்சா பிள்ளையாருக்குக் கண்ணு எரியாதாம்மா?" என்றார். சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே பிடித்துப்போய், அன்று முழுக்கப் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு என் கேள்வி போய்விட்டது.

அண்ணி போன் பண்ணினார். கண் தயாராம். இந்தத் தடவை இன்னும் கெட்டியாக நிற்கும்படி செய்வாராம்.

கணவரிடம் சொன்னேன். அவர் யோசித்து, மிகவும் அன்பாக, ஒரு வழி சொன்னார். "மூணு நாள்தானே? புள்ளைங்களக் கூட்டிட்டு நீ உங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டு வாயேன்."

அதைக் கேட்டதிலிருந்து என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. அப்படியென்றால் வீட்டை விட்டுப் போகவேண்டியது நானும் என் குழந்தைகளும். ஒரு விதை மாடத்திலேயே இருக்கும். அதை மட்டும் யாராலும் நகர்த்த முடியாது.

சாமி கும்பிட மாட்டேன் என்றா சொல்கிறேன்? கொழுக்கட்டைக்கு மாவு அரைப்பதும் நான்தான், அறுகம்புல் பறிப்பதும் நான்தான். கண் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேறு கண் வையுங்கள் என்கிறேன். டப்பாவை எடுத்துக் கொண்டுபோய் நானே ஆற்றில் வீசிவிடலாம் என்று தோன்றுகிறது. வீசினால் வருகிற மழை, மூழ்குகிற பயிர், மாமாவின் மூட்டுவலி எல்லாமே என் கணக்கில் வந்து சேரும். வீசாமல் விட்டு, நாளைக்குப் பையன் வாயில் ஏதாவது போனால் அதுவும் என் கணக்குதான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளாத அம்மா என்பார்கள்.

அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளையாருக்குக் கண் எதில் வைக்கிறீர்கள்? பெரியவர்கள் கோபித்துக்கொள்ளாமல் அதை மாற்றியவர்கள் யாராவது இருந்தால், முதல் வார்த்தையை எப்படி ஆரம்பித்தீர்கள், யாரிடம் ஆரம்பித்தீர்கள் என்று சொல்லுங்கள். கிளுவை வேலிக்குச் சேதம் வராமல் இந்தக் கொடியை வேரோடு எடுக்க வழி தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். சதுர்த்திக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. நான் அம்மா வீட்டுக்குப் போக வேண்டுமா, இங்கேயே இருந்து அந்த டப்பாவைக் கையில் எடுக்க வேண்டுமா? "நல்லாத்தானே இருக்கா" என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள்.